மஞ்சள் கோடு போட்ட நோட்ஸும் இரண்டு தரம் போன கடிதங்களும்



இந்தக் கிழமை எபிசோட்டில் "புதுசா ஒன்றை எப்பிடிப் படிக்கிறது" என்று கதைக்கத் தொடங்கி, பாதியிலேயே நேரம் முடிஞ்சு போச்சு. "எனக்கு நடந்த ஒரு கதை இருக்கு, பிறகு சொல்றன்" என்று சொல்லிவிட்டுச் சொல்லாமலே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் நேரம் மட்டும் காரணம் இல்லை. மைக்குக்கு முன்னால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எழுதுவது சுகம். அதனால் இங்கே.

எனக்கு அப்போது 29 வயது. லண்டனில் மூன்றாவது கொன்ட்ராக்ட். ஒரு காப்புறுதிக் கொம்பனி, ஆறு மாதம், அதுவரைக்கும் நான் வாங்கினதிலேயே கூடின டே ரேட். இன்டர்வியூவில் "காஃப்கா தெரியுமா?" என்று கேட்டார்கள். "ஓம், நல்லாத் தெரியும்" என்றேன். அது பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை. இருபது மணித்தியால வீடியோ கோர்ஸ் ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் கடைசிவரை பார்த்திருந்தேன். நோட்ஸ் எழுதியிருந்தேன். மஞ்சள் ஹைலைட்டரால் கோடும் போட்டிருந்தேன். முடிவில் ஒரு சான்றிதழ்கூட பிடிஎஃப்பாக வந்தது.

காஃப்கா தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில். ஒரு பக்கம் செய்திகள் வரிசையாக வந்து சேரும். மற்றப் பக்கம் உங்கள் புரோகிராம், அதாவது கன்சூமர், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும். எதுவரை வாசித்தோம் என்பதை ஓஃப்செட் என்ற ஒரு எண்ணாகப் பதிந்து வைக்கும். புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளத் துண்டு மாதிரி. இப்போது பாருங்கள்: ஒரு பக்கத்தை வாசித்து முடித்தாயிற்று, ஆனால் துண்டை நகர்த்த முதல் நித்திரை வந்துவிட்டது. அடுத்தநாள் என்ன நடக்கும்? அதே பக்கத்தைத் திரும்ப வாசிப்பீர்கள். கதைப் புத்தகம் என்றால் பரவாயில்லை. அந்தப் பக்கத்தில் "இந்த வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பு" என்று எழுதியிருந்தால்?

எனக்கு நடந்தது அதுதான். என்னுடைய சேர்விஸ், காப்புறுதி புதுப்பிக்கும் கடிதங்களை அச்சுக்கு அனுப்புவது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மெமரி போதாமல் விழுந்து எழும்பத் தொடங்கியிருக்கிறது. சனி, ஞாயிறு முழுக்க விழுந்து எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு தரமும், வேலை முடிந்தும் ஓஃப்செட் பதியப்படாத செய்திகள் திரும்ப ஓடின. திங்கட்கிழமை காலையில் நான் போகும்போது, ஒரே கடிதம் இரண்டு தரம், சிலருக்கு மூன்று தரம் போயிருந்தது. திருத்தம் பெரிய விஷயம் இல்லை: ஒவ்வொரு செய்திக்கும் இருக்கிற தனி இலக்கத்தை டேட்டாபேஸில் எழுதி வைத்து, ஏற்கனவே முடித்த இலக்கம் திரும்பி வந்தால் பேசாமல் விட்டுவிடுவது. அரைநாள் வேலை.

பெரிய விஷயம் வேறு இரண்டு. அன்று பின்னேரம் ஜூபிலி லைனில் வீட்டுக்குப் போகும்போது பழைய நோட்ஸைத் திறந்தேன். என்னுடைய கையெழுத்தில், மஞ்சள் கோட்டோடு, "ஒரே மெசேஜ் இரண்டு தரம் வரலாம், கவனம்" என்று இருந்தது. அது முதலாவது. இரண்டாவது இன்னும் மோசம். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால், கோட் ரிவியூவில், யுனிவேர்சிட்டி முடித்து வந்து சில மாதமே ஆன ஒரு பிள்ளை கேட்டிருந்தாள்: "இதே மெசேஜ் ரெண்டு தரம் வந்தா என்ன நடக்கும்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதைக் காஃப்கா பாத்துக்கொள்ளும்." அவள் சரி என்று விட்டுவிட்டாள். டீமிலேயே கூடின காசு வாங்குகிற ஆள் சொன்னால், புதுசாக வந்தவள் என்ன செய்வாள்?

கொன்ட்ராக்டை நீட்டவில்லை. மனிசிக்கு அப்போது ஏழு மாதம். "புரொஜெக்ட் முடிஞ்சுது" என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அம்மா போனில் சொன்னா: "உனக்கென்னடா, நீ கெட்டிக்காரன், அடுத்தது உடன கிடைக்கும்."

கிடைக்கப் பதினொரு கிழமை ஆனது. அந்தப் பதினொரு கிழமையில்தான் உளவியல் வாசிக்கத் தொடங்கினேன். புதுசாக ஒரு ஃபிரேம்வேர்க் படிப்பதற்குப் பதிலாக, ஏன் நான் படித்தது எனக்குள் நிற்கவில்லை என்று தேடினேன்.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சின்னப் பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நாலு தரம் வாசித்தது. இன்னொரு குழு ஒருதரம் மட்டும் வாசித்துவிட்டு, மூன்று தரம் பந்தியைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தால், வாசித்த குழுதான் மேலே: 83 வீதத்துக்கு 71 வீதம். ஒரு கிழமைக்குப் பிறகு சோதித்தால் தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. எனக்கு நடந்த முழுக் கதையும் இந்த நாலு எண்ணுக்குள் இருக்கிறது. கோர்ஸ் முடித்த கையோடு இன்டர்வியூ. அப்போது எல்லாம் தலைக்குள் பளிச்சென்று இருந்தது. மூன்று மாதம் கழித்து கோட் ரிவியூ. அப்போது ஒன்றும் இல்லை.

கண்ணுக்குப் பழகினதை மூளை "தெரியும்" என்று கணக்கு வைத்துவிடுகிறது. வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறவர் தடங்காமல் விளக்கினால், அந்தச் சரளம் அவருடையது என்பதை மறந்து, எங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறோம். 2013இல் ஜோன் டன்லொஸ்கியும் மற்றவர்களும் மாணவர்கள் பாவிக்கிற பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஹைலைட் பண்ணுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் என்ற வரிசையில். உயர்ந்த பயன் என்று இரண்டுக்கு மட்டும்தான் போட்டார்கள்: தன்னைத்தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இந்த இரண்டையும் நான் பத்து வயதிலேயே செய்திருக்கிறேன். சனிக்கிழமை ரியூஷன். சேர்ச் ஹோல், மடிக்கிற கதிரைகள், ஹீற்றர் வேலை செய்யாது. சேர் ஒன்றும் பெரிதாக விளங்கப்படுத்த மாட்டார். பாஸ்ட் பேப்பரைத் தந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். வீட்டில் அம்மா குசினிக்குள் நின்றபடியே திடீரென்று "ஏழெட்டு?" என்று கேட்பா. 56 என்று சொல்லாவிட்டால் ரீவி நிற்கும். உங்களில் பல பேர் இதை வெறுத்திருப்பீர்கள். நானும்தான். ஆனால் அது ஞாபகத்திலிருந்து எடுக்கிற பயிற்சி, அதுவும் நாட்கணக்கில் பரப்பி. யுனிவேர்சிட்டிக்குப் போனதும் கேட்க ஆள் இல்லை, நானும் விட்டுவிட்டேன். வேலைக்கு வந்த பிறகு வீடியோவும் பிளேலிஸ்டும்.

(ரியூஷனை நான் முழுக்கப் புகழவில்லை. மார்க்ஸை எல்லாத் தாய் தகப்பனுக்கும் முன்னால் வாசிக்கிற பழக்கம் இருந்ததே, அதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கீழே.)

இப்போது நான் செய்வது இதுதான். எதையாவது படித்தால், லேப்டொப்பை மூடிவிட்டு, வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதுவேன், படம் கீறுவேன். முதல் தரம் செய்யும்போது அவமானமாக இருக்கும், சொல்லிவிட்டேன். ஒரு மணித்தியாலம் படித்ததில் ஆறு வரிகூட வராது. பிறகு திறந்து, விட்டதை மட்டும் பார்ப்பேன். அதில் முக்கியமானவை அங்கியில் கார்டாகப் போகும். கணினியில் அங்கி இலவசம். மறக்கப்போகிற நேரமாகப் பார்த்துத் திரும்பக் கேட்கும்: சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த இடைவெளி நாளாக, கிழமையாக, மாதமாக நீளும். 1885இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு கெதியாக மறக்கிறோம் என்று அளந்து, படிப்பைப் பல நாட்களுக்குப் பிரித்தால் குறைந்த முயற்சியில் நிற்கும் என்று எழுதிவிட்டார். நாங்கள் 140 வருடம் பிந்தித்தான் ஆப்பில் செய்கிறோம்.

கார்டில் சின்டெக்ஸ் போடாதீர்கள். அதை எடிட்டரே சொல்லும். "ஏன்", "என்ன நடக்கும்" என்று கேட்கிறதைப் போடுங்கள். என்னுடைய முதல் கார்ட்: "கன்சூமர் வேலையை முடித்துவிட்டு, ஓஃப்செட் எழுத முதல் செத்தால்?" கிழமைக்கு ஐந்து புதுக் கார்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒரு காலத்தில் நாளுக்கு முப்பது சேர்த்து, ஒரு மாதத்தில் அந்தப் பக்கமே போகாமல் விட்டேன்.

கார்டால் மட்டும் ஆகாத விஷயங்களும் உண்டு. காஃப்காவை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது, என்னுடைய லேப்டொப்பில் ஒரு கன்சூமரை ஓடவிட்டு, நடுவில் வேண்டுமென்றே கொன்று, திரும்ப எழுப்பி, என்ன வருகிறது என்று பார்த்தபோதுதான். அதிலும் ஒரு விஷயம்: கொல்லுவதற்கு முன்னால், "இப்ப இது நடக்கும்" என்று எழுதி வைப்பேன். பிறகு பார்ப்பேன். பிழைத்தால் அது மறக்காது. பக் தேடும்போதும் அப்படித்தான். டிபக்கரைத் திறக்க முதல் ஒரு வரி: "நான் நினைக்கிறது இது." பத்து வினாடி வேலை. அந்த வரி இல்லாவிட்டால், விடை கிடைத்த பிறகு "எனக்கு முதலே தெரியும்" என்றுதான் தோன்றும்.

இந்த இடத்தில் சீனியர் டெவலப்பர்களைப் பற்றி ஒன்று. அவர்களுக்கு எங்களை விடப் பெரிய ஞாபகசக்தி என்று நான் நினைத்திருந்தேன். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் செஸ் ஆட்டக்காரர்களுக்குப் பலகையைச் சில வினாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். (அந்த சைமன்தான் செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவர், 1975இல் டூரிங் விருது, 1978இல் பொருளாதார நோபல். ஒரு ஆளுக்கு இவ்வளவு போதாதா?) உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால், மாஸ்டர் புதுசாக விளையாடுகிறவரை விடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். அதே காய்களைக் கண்டபடி அடுக்கிக் காட்டினால், அந்த வித்தியாசம் ஏறத்தாழ இல்லாமல் போனது. மாஸ்டர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. தெரிந்த அமைப்புகளை, துண்டு துண்டாகப் பார்க்கிறார்.

எங்கள் தலைக்குள் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடியது நாலைந்து விஷயம்தான். புதுசாக வந்தவருக்கு "ரீட்ரை", "டைம்அவுட்", "டூப்ளிகேட்", "டேட்டாபேஸ் லொக்" எல்லாம் நாலு விஷயம், மேசை நிறைந்துவிடும். அனுபவசாலிக்கு அது எல்லாம் சேர்ந்து ஒரு விஷயம், பெயரும் முகமும் உள்ள ஒரு பழைய ஆள். அதனால் பழைய அடிப்படைகளுக்கு நேரம் செலவழியுங்கள்: டேட்டாபேஸ் ட்ரான்சாக்ஷன், நெட்வேர்க், ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்கிற மாதிரி. நான் ஒவ்வொரு ஆறு மாதமும் புதுக் கொம்பனிக்குப் போகிறவன். பெயர்கள் மாறும், இந்தத் துண்டுகள் மாறுவதில்லை.

சரி, இப்போது அந்த இரண்டாவது விஷயம். ஏன் அந்தப் பிள்ளையிடம் "தெரியாது, பார்ப்பம்" என்று சொல்லவில்லை?

1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்கிற மாதிரிச் சொன்னார்கள், சிலரிடம் "நல்லாப் பாடுபட்டிருக்கிறாய்" என்கிற மாதிரி. பிறகு கஷ்டமான புதிர்கள், எல்லாரும் தடுமாறினார்கள். கடைசியில், வேறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உன் அனுபவத்தை எழுது, எடுத்த மார்க்ஸையும் எழுது என்றார்கள். கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 வீதம் பேர் மார்க்ஸைக் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத ஆட்களுக்கு. முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களில் அப்படிச் செய்தது மிகக் குறைவு.

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன். கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் எனக்கு இருந்த பெயரே அது. சாமத்தியவீட்டு ஹோலில், பிறந்தநாளில், மாமிமார் கேட்கிற "எத்தினை மார்க்ஸ்?" இன்டர்வியூவில் "நல்லாத் தெரியும்" என்று சொன்னதும், கோட் ரிவியூவில் வாய் தானாகப் பதில் சொன்னதும் அந்த ஹோலில் இருந்த பொடியன்தான். அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. புது நாட்டில், மொழி தெரியாமல், பிள்ளையின் மார்க்ஸ் ஒன்றுதான் அவவுக்கு விளங்கின அளவுகோல்.

இந்த மனப்பான்மைக் கதையை ஒபீஸ் சுவரில் போஸ்டராக ஒட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு செய்த பெரிய ஆய்வில், குறைவாக மார்க்ஸ் எடுத்தவர்களுக்குச் சின்ன முன்னேற்றம் வந்தது. சின்னது. உதவும், மந்திரம் இல்லை.

எனக்கு அதை விடப் பிரயோசனமானது ஏமி எட்மண்ட்சன் 1990களில் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராயப் போனார். நல்ல டீம்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்களைப் பார்த்தால் நல்ல டீம்களில்தான் கூட. பிறகுதான் விளங்கியது: அவர்கள் கூடப் பிழை விடவில்லை, பிழையைப் பயமில்லாமல் சொன்னார்கள். எங்கள் டீமில் அந்தப் பயத்தை உண்டாக்கினது மனேஜர் இல்லை. நான். கேள்வி கேட்ட பிள்ளையை ஒரு வசனத்தால் வாயடைத்தேன்.

ஏஐ பற்றி நீங்கள் கேட்பீர்கள், அதனால் சுருக்கமாக. 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, 16 அனுபவமுள்ள ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை அவர்களுடைய சொந்த புரொஜெக்ட்களிலேயே 246 வேலைகள் செய்யவைத்து அளந்தது. ஏஐ பாவித்த வேலைகளுக்கு 19 வீதம் கூட நேரம் எடுத்தது. செய்தவர்களோ தாங்கள் 20 வீதம் வேகமாக முடித்ததாக நினைத்தார்கள். அந்தக் கருவிகள் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டன, வேகத்தைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. எனக்குப் பட்டது அந்த இடைவெளி: உணர்ந்தது ஒன்று, நடந்தது ஒன்று. என்னுடைய மஞ்சள் ஹைலைட்டர் செய்த அதே வேலை. நானும் தினமும் பாவிக்கிறேன். ஆனால் படிக்கிற விஷயம் என்றால், முதலில் என்னுடைய பிழையான பதிலை எழுதிவிட்டுத்தான் கேட்பேன். முடிக்கிற விஷயம் என்றால் நேரே கேட்பேன். இந்த இரண்டையும் காலையில் பிரித்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

பதினோராவது கிழமை இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது: காஃப்கா தெரியுமா? இரண்டு தரம் போன கடிதங்களின் கதையை முழுக்கச் சொன்னேன், கோட் ரிவியூ உட்பட. ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்காமல், ஓஃப்செட் எழுத முதல் செத்தால் என்ன நடக்கும் என்று போர்டில் கீறச் சொன்னார். கீறினேன். முந்தினதை விட நாளுக்கு அறுபது பவுண் குறைவு, ஆனால் எடுத்தார்கள். மகள் பிறந்து ஒன்பதாவது நாள் வேலை தொடங்கியது. முதல் கிழமை ஸ்டாண்டப்பில் "இது எனக்கு விளங்கேல்லை, ஆராவது சொல்லுங்கோ" என்று ஒரு சேர்விஸைப் பற்றிக் கேட்டேன். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் அந்தப் பிள்ளைக்கு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் இப்போது வேறொரு இடத்தில் டீம் லீட். அப்படி ஒரு கேள்வி கேட்டதே தனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினாள். எனக்கு அது இன்னும் கார்டில் இருக்கிறது. அடுத்த தரம் வருகிற மார்ச்சில் கேட்குமாம்.